ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் நீதித்துறை நிதி ஆய்வும் தீயணைப்புச் சீர்திருத்தமும்

நீதித்துறை நிதி ஆய்வு என்பது, காவல், நீதிமன்றம், சிறை, அரசு வழக்குத் தொடுப்பு, சட்ட உதவி, தீயணைப்பு ஆகிய பணிகளுக்கு அரசு ஒதுக்கும் பணம் போதுமானதா, அது சொன்ன காரியத்துக்கே செலவாகிறதா என்பதை நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்வி கேட்டு அறியும் நடைமுறை ஆகும். ஸ்காட்லாந்தில் இந்த ஆய்வை எடின்பரோ நகரின் ஹோலிரூட் பகுதியில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் குழுக்கள் செய்கின்றன. 2013 ஏப்ரல் 1 அன்று அந்நாட்டின் எட்டுத் தீயணைப்புப் படைகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. அந்த இணைப்பும் அதன் பின்விளைவுகளும், ஒரு நாடாளுமன்றம் அரசின் செலவை எந்த அளவுக்குக் கண்காணிக்க முடியும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டாக அமைகின்றன.

இக்கட்டுரையில் "நீதித்துறை" என்ற சொல் நீதிமன்றங்களை மட்டும் குறிக்கவில்லை. ஸ்காட்லாந்து அரசில் நீதி அமைச்சரின் பொறுப்பில் உள்ள எல்லாப் பணிகளையும் சேர்த்தே குறிக்கிறது. தீயணைப்பும் அந்த அமைச்சரின் பொறுப்பில் வருவதால், அதன் நிதியும் நீதிக் குழுவின் மேசைக்கே வருகிறது.

நாடாளுமன்றமும் அதன் குழுக்களும்

1707ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒன்றிணைந்தபோதும், ஸ்காட்லாந்தின் சட்ட முறையும் நீதிமன்றங்களும் தனித்தே தொடர்ந்தன. 1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டத்தின்படி 1999இல் தனி நாடாளுமன்றம் அமைந்தது. அப்போது முதல் நீதி, காவல், சிறை, தீயணைப்பு ஆகியவை அந்த நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்குள் வந்தன.

இந்த நாடாளுமன்றத்தில் 129 உறுப்பினர்கள் உள்ளனர். மேலவை கிடையாது. லண்டனில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில், ஒரு சட்ட முன்வரைவைக் கீழவை சரியாகப் பார்க்கத் தவறினால் மேலவை சுட்டிக்காட்ட முடியும். ஸ்காட்லாந்தில் அந்த இரண்டாம் பார்வை இல்லாததால், அந்த வேலையையும் குழுக்களே செய்ய வேண்டியிருக்கிறது. ஒரே குழு சட்ட முன்வரைவையும் ஆராய்கிறது, செலவையும் ஆராய்கிறது, சட்டம் நடைமுறைக்கு வந்த பின் அது பலன் தந்ததா என்றும் விசாரிக்கிறது.

பல ஆண்டுகள் இப்பணியை நீதிக் குழு செய்தது. 2021இல் தொடங்கிய ஆறாம் நாடாளுமன்றக் காலத்தில் குற்றவியல் நீதிக் குழு இப்பொறுப்பை ஏற்றது.

பணம் வரும் வழி

ஸ்காட்லாந்து அரசின் வருவாயில் பெரும் பகுதி லண்டனில் உள்ள பிரித்தானிய அரசின் கருவூலத்திலிருந்து தொகுப்பு மானியமாக வருகிறது. இங்கிலாந்தில் ஒரு துறையின் செலவு கூடினாலோ குறைந்தாலோ, மக்கள்தொகை விகிதப்படி ஸ்காட்லாந்தின் பங்கும் மாறும். இந்தக் கணக்கு பார்னெட் வாய்ப்பாடு எனப்படுகிறது. இதனுடன் ஸ்காட்லாந்தில் வசூலாகும் வருமான வரி போன்றவையும் சேர்கின்றன. 2016இல் ஏற்பட்ட நிதி உடன்பாட்டுக்குப் பின் சொந்த வரி வருவாயின் பங்கு பெரிதும் உயர்ந்தது.

கிடைக்கும் மொத்தப் பணத்தை எந்தத் துறைக்கு எவ்வளவு பிரிப்பது என்பதை ஸ்காட்லாந்து அரசே முடிவு செய்கிறது. நீதித்துறைக்கு என்று லண்டன் தனியாக எதையும் குறித்து அனுப்புவதில்லை. எனவே மருத்துவமனைகளுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் நீதிமன்றங்களுக்கோ தீயணைப்புக்கோ குறையலாம். நிதி ஆய்வின் மையக் கேள்வி இங்கேதான் எழுகிறது.

ஆய்வு நடைபெறும் முறை

நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வரவு செலவுத் திட்டம் வழக்கமாகக் குளிர்காலத்தில் வெளியாகி, சில வாரங்களில் நாடாளுமன்றத்தில் நிறைவேறுகிறது. முன்பு குழுக்கள் திட்டம் வெளியான பிறகே அதைப் பார்த்தன. அதற்குள் கணக்குகள் முடிவாகிவிடும். மாற்றச் சொல்லவும் நேரம் இருக்காது.

இந்தக் குறையைப் போக்க, 2017இல் வெளியான வரவு செலவு நடைமுறை மறுஆய்வுக் குழுவின் அறிக்கை ஆண்டு முழுவதுமான ஆய்வு முறையைப் பரிந்துரைத்தது. அதன்படி ஒவ்வொரு குழுவும் திட்டம் வெளியாவதற்கு முன்பே சான்றுகளைக் கேட்டு, தன் கருத்தை அமைச்சருக்குத் தெரிவிக்கிறது. இது முன்வரவு செலவு ஆய்வு எனப்படுகிறது. நடைமுறை பின்வருமாறு அமைகிறது:

1. குழு, எழுத்துவழிக் கருத்துகளை வரவேற்று அறிவிப்பு வெளியிடும்.
2. காவல்துறை, தீயணைப்புச் சேவை, சிறைத்துறை, நீதிமன்றச் சேவை ஆகியவற்றின் தலைவர்களும் தொழிற்சங்கத்தினரும் பாதிக்கப்பட்டோருக்கான தொண்டு அமைப்பினரும் குழுவின் முன் வந்து சாட்சியம் அளிப்பர்.
3. அமைச்சர் நேரில் வந்து பதில் கூறுவார்.
4. குழு தன் பரிந்துரைகளை வெளியிடும். வரவு செலவுத் திட்டம் வெளியானதும், அப்பரிந்துரைகளுக்கு அரசு பதில் அளிக்கும்.

சாட்சியங்கள் பொதுவாக வெளிப்படையாக நடைபெறுகின்றன. சொல்லுக்குச் சொல் பதிவாகி வெளியாகின்றன. கேள்விகளைத் தயாரிக்க நாடாளுமன்றத்தின் ஆய்வுப் பிரிவு உறுப்பினர்களுக்கு உதவுகிறது. அரசு அமைப்புகளின் கணக்கைத் தணிக்கை செய்யும் ஆடிட் ஸ்காட்லாந்து நிறுவனத்தின் அறிக்கைகளும் தீயணைப்புச் சேவைக்கான தனி ஆய்வகத்தின் அறிக்கைகளும் குழுவுக்கு ஆதாரமாகின்றன.

இதில் ஓர் எல்லை உண்டு. வரவு செலவு முன்வரைவுக்கு அரசின் அமைச்சர்கள் மட்டுமே திருத்தம் கொண்டுவர முடியும். ஒரு குழு "தீயணைப்புக்கு இன்னும் 2 கோடி பவுண்டு கொடுங்கள்" என்று பரிந்துரைக்கலாம். ஆனால் அந்தத் தொகையைத் தானே எழுதிச் சேர்க்க முடியாது. எனவே குழுவின் வலிமை அதன் கேள்விகளிலும், அக்கேள்விகள் பொதுவெளியில் பதிவாவதிலும்தான் இருக்கிறது.

நீதித்துறைச் செலவின் கூறுகள்

நீதித்துறைச் செலவில் மிகப் பெரிய பங்கு காவல்துறைக்குச் செல்கிறது. அடுத்து சிறைத்துறை, தீயணைப்பு, சட்ட உதவி, நீதிமன்றச் சேவை ஆகியவை வருகின்றன. அரசு வழக்குத் தொடுப்பு அலுவலகம் லார்ட் அட்வகேட் என்னும் தலைமைச் சட்ட அதிகாரியின் கீழ்த் தனித்து இயங்குகிறது. ஆயினும் அதன் செலவையும் நீதிக் குழுவே பார்க்கிறது.

இவை ஒன்றோடொன்று பிணைந்தவை. காவலர் கூடுதலாக வழக்குப் பதிந்தால் வழக்குத் தொடுப்பு அலுவலகத்தின் வேலை கூடும். அங்கே ஆள் போதாவிட்டால் வழக்குகள் தள்ளிவைக்கப்படும். தள்ளிவைத்தால் விசாரணைக் கைதிகள் சிறையில் அதிக நாள் இருப்பர். ஓரிடத்தில் மிச்சம் பிடித்த பணம் இன்னோரிடத்தில் செலவாக வந்து நிற்கும். நீதிக் குழு 2017 ஏப்ரலில் வழக்குத் தொடுப்பு அலுவலகம் பற்றி வெளியிட்ட அறிக்கை இதைச் சுட்டியது. வழக்குகள் திரும்பத் திரும்பத் தள்ளிவைக்கப்படுவதால் சாட்சிகளும் பாதிக்கப்பட்டோரும் படும் அவதியும், ஊழியர்களின் பணிச்சுமையும் அதில் முக்கிய இடம் பெற்றன.

சட்ட உதவியின் தன்மை வேறு. தகுதியுள்ள எவர் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்பதால் அதற்கு உச்சவரம்பு வைக்க முடியாது. ஒதுக்கீட்டில் காணப்படும் தொகை ஒரு மதிப்பீடு மட்டுமே. ஆகவே "சட்ட உதவிச் செலவு குறைந்தது" என்ற வரியைப் படிக்கும்போது, தேவை குறைந்ததா, அல்லது குறைந்த கட்டணத்துக்கு வழக்கு எடுக்க வழக்கறிஞர் கிடைக்கவில்லையா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சிறைச் செலவுக்கு கிளாஸ்கோவின் பார்லினி சிறை எடுத்துக்காட்டு. 1882இல் திறக்கப்பட்ட அச்சிறை பல ஆண்டுகளாக அளவுக்கு மீறிய கைதிகளோடு இயங்கிவருகிறது. அதற்குப் பதிலாகக் கட்டப்படும் புதிய சிறையின் செலவு 2025இல் ஏறக்குறைய 100 கோடி பவுண்டு என அறிவிக்கப்பட்டது. தள்ளிப்போடப்படும் கட்டுமானம் மலிவாவதில்லை என்பதற்கு இது சான்று.

நீதிமன்றங்களைப் பொறுத்தவரை, 2013 முதல் 2015 வரையான காலத்தில் பத்து செரிஃப் நீதிமன்றங்கள் மூடப்பட்டன. டிங்வால், டோர்னாக், ராத்சே, கர்க்குப்ரி, ஸ்டோன்ஹேவன், ஆர்ப்ரோத், கூப்பர், ஹாடிங்டன், டன்ஸ், பீபிள்ஸ் ஆகியவை அவை. பெரும்பாலும் சிறு நகரங்கள். மூடுவதற்கான ஆணைகள் நீதிக் குழுவின் முன் வந்தன. இத்தகைய ஆணையைக் குழு ஏற்கலாம் அல்லது நிராகரிக்கக் கோரலாம், திருத்த முடியாது. ஒரு நீதிமன்றத்தை மட்டும் விட்டுவைக்கும்படி ஆணையின் வாசகத்தை மாற்றக் குழுவுக்கு வழியில்லை.

தீயணைப்புச் சேவையின் வரலாறு

நகராட்சி நடத்தும் முறையான தீயணைப்புப் படைக்கு எடின்பரோ முன்னோடி நகரம். 1824இல் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்பவரின் தலைமையில் அங்கே படை அமைந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே நகரின் பழைய பகுதியின் ஒரு பாகத்தைப் பெருந்தீ அழித்தது. பிரெய்ட்வுட் பின்னர் லண்டன் படைக்குத் தலைமை ஏற்று, 1861இல் டூலி தெருத் தீயில் உயிரிழந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், பிரித்தானியத் தீயணைப்புப் படைகள் யாவும் ஒரே தேசியப் படையாக்கப்பட்டன. போருக்குப் பின் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவை மீண்டும் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. 1960 மார்ச் 28 அன்று கிளாஸ்கோவின் சீப்சைடு தெருவில் விஸ்கி கிடங்கு ஒன்று வெடித்ததில் தீயணைப்பு, மீட்புப் படையினர் 19 பேர் இறந்தனர். 1975இன் உள்ளாட்சிச் சீரமைப்புக்குப் பின் ஸ்காட்லாந்தில் எட்டுப் படைகள் இருந்தன: ஸ்ட்ராத்கிளைடு, லோதியன்–பார்டர்ஸ், டேசைடு, கிராம்பியன், சென்ட்ரல், ஃபைஃப், டம்ஃப்ரீஸ்–காலவே, ஹைலண்ட்ஸ்–தீவுகள்.

2012ஆம் ஆண்டின் சட்டம்

2008இன் உலக நிதி நெருக்கடிக்குப் பின் அரசின் வருவாய் சுருங்கியது. பொதுச் சேவைகளின் எதிர்காலம் பற்றி ஆராய்ந்த கிறிஸ்டி ஆணையம் 2011இல் அறிக்கை அளித்தது. எட்டுக் காவல் படைகளையும் எட்டுத் தீயணைப்புப் படைகளையும் தனித்தனியே ஒன்றாக்க அரசு முடிவு செய்தது. அரசு கூறிய நோக்கங்கள் மூன்று:

1. எட்டு இடங்களில் ஒரே வேலை நடப்பதைத் தவிர்த்துச் செலவைக் குறைத்தல்.
2. சிறப்புக் கருவிகளும் பயிற்சி பெற்ற மீட்புக் குழுக்களும் எல்லாப் பகுதிகளுக்கும் சமமாகக் கிடைக்கச் செய்தல்.
3. சேவைக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையிலான உறவை வலுப்படுத்தல்.

காவல் மற்றும் தீயணைப்புச் சீர்திருத்த (ஸ்காட்லாந்து) சட்டம் 2012 ஜூனில் நிறைவேறியது. லிபரல் டெமாக்ரட் கட்சி, அதிகாரம் ஓரிடத்தில் குவிகிறது என்று கூறி எதிர்த்தது. விவாதத்தின் பெரும் பகுதி காவல்துறையைப் பற்றியே இருந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்ததும் காவலைக் கண்காணிக்க நீதிக் குழுவின் கீழ்த் தனித் துணைக்குழு அமைந்தது. தீயணைப்புக்கு அப்படி ஒன்று அமையவில்லை. சர்ச்சை இல்லாத துறைக்கு நாடாளுமன்றத்தின் நேரமும் குறைவாகவே கிடைக்கிறது என்பதை இது காட்டுகிறது.

புதிய சேவைக்கு ஸ்காட்லாந்து தீயணைப்பு மற்றும் மீட்புச் சேவை என்று பெயர். உள்ளூர்ப் பிடிப்பு அறுந்துவிடாமல் இருக்க, 32 உள்ளாட்சிப் பகுதிகளுக்கும் தீயணைப்புத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும், பகுதிப் பொறுப்பதிகாரி உள்ளாட்சிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் ஏற்பாடு செய்யப்பட்டது.

சேமிப்பும் அதன் விலையும்

தீயணைப்பு இணைப்பால் 2027–28க்குள் 32.8 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று அரசு எதிர்பார்த்தது. 2015இல் வெளியான ஆடிட் ஸ்காட்லாந்து அறிக்கை, இணைப்பு நன்றாக நிர்வகிக்கப்பட்டது என்றும், அந்த இலக்கைத் தாண்டும் பாதையில் சேவை செல்கிறது என்றும் கூறியது. எட்டாக இருந்த கட்டுப்பாட்டு அறைகள் ஜான்ஸ்டன், எடின்பரோ, டண்டீ என மூன்றாயின. அபர்டீன், இன்வர்னஸ் உட்பட ஐந்து ஊர்களில் இருந்தவை மூடப்பட்டன.

ஆனால் சேமிப்புக் கணக்கில் சேராத இரண்டு பெரிய செலவுகள் இருந்தன.

முதலாவது, மதிப்புக்கூட்டு வரி. உள்ளாட்சி வரியிலிருந்து நிதி பெறும் அமைப்புகள், தாம் கட்டிய மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம். பழைய எட்டுப் படைகளுக்கும் இந்தச் சலுகை இருந்தது. புதிய சேவை நேரடியாக அரசிடமிருந்து பணம் பெறுவதால் சலுகையை இழந்தது. காவல்துறைக்கும் இதே நிலை. இது நேரும் என்பது சட்டம் நிறைவேறும் முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தே இணைத்தது ஸ்காட்லாந்து அரசின் தவறு என்றது லண்டன். வேறு சில தேசிய அமைப்புகளுக்கு விலக்கு அளித்துவிட்டு எங்களுக்கு மறுப்பது அநீதி என்றது எடின்பரோ. 2017 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் பிரித்தானிய அரசு இறங்கி வந்தது. 2018 மார்ச் முதல் இரு சேவைகளும் வரியைத் திரும்பப் பெறுகின்றன. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இரண்டும் சேர்ந்து கட்டிய சுமார் 17.5 கோடி பவுண்டு திரும்பக் கிடைக்கவில்லை.

இரண்டாவது, கட்டடங்களும் வண்டிகளும். உள்ளாட்சியின் கீழ் இருந்தபோது படைகள் கடன் வாங்கலாம். மிஞ்சிய பணத்தைச் சேமிப்பு நிதியாக அடுத்த ஆண்டுக்கு வைக்கலாம். மத்திய அமைப்பான பிறகு இரண்டும் இல்லாமல் போயின. கொடுத்த பணத்தை அந்த ஆண்டுக்குள் செலவிட வேண்டும். பத்து ஆண்டுகளில் பலன் தரும் கட்டுமானத்தை ஒவ்வோர் ஆண்டு ஒதுக்கீட்டை நம்பித் திட்டமிடுவது கடினம். 2018ஆம் ஆண்டு ஆடிட் ஸ்காட்லாந்து அறிக்கை, செய்யாமல் தேங்கிக் கிடக்கும் முதலீட்டுப் பணிகளின் மதிப்பு 38.9 கோடி பவுண்டு என்று குறிப்பிட்டது. எதிர்பார்த்த மொத்தச் சேமிப்பை விட இது அதிகம். சில நிலையங்களின் கூரையில் வலுவிழக்கக்கூடிய இலகு காங்கிரீட் பலகைகள் இருப்பது பின்னர்ப் பெரும் கவலையானது. மாசு படிந்த உடையைத் தனியே கழற்றவும் குளிக்கவும் இடமில்லாத நிலையங்கள் பற்றித் தீயணைப்பு வீரர்களின் தொழிற்சங்கம் தொடர்ந்து குரல் எழுப்புகிறது. தீப்புகையில் உள்ள நச்சு புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்பதால் இது உயிர் சார்ந்த கேள்வி.

சட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு

ஒரு சட்டம் சொன்ன பலனைத் தந்ததா என்று சில ஆண்டுகள் கழித்து விசாரிப்பது சட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு எனப்படுகிறது. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி நீதிக் குழு இந்த ஆய்வை நடத்தி 2019இல் முடித்தது. சிறப்புக் கருவிகள் நாடு முழுவதும் கிடைப்பது போன்ற நன்மைகள் தீயணைப்புப் பக்கத்தில் காணப்பட்டன. முதலீட்டுத் தேக்கமும் பகுதிநேர வீரர்களின் தட்டுப்பாடும் தீராத சிக்கல்களாக நின்றன.

பகுதிநேர வீரர் என்பவர் வேறு வேலை பார்த்துக்கொண்டே, அழைப்பு மணி ஒலித்ததும் நிலையத்துக்கு ஓடி வருபவர். ஸ்காட்லாந்தின் சுமார் 356 நிலையங்களில் பெரும்பாலானவை இத்தகையோரையும் தன்னார்வலர்களையும் நம்பியே இயங்குகின்றன. கிராமத்துக் கடைக்காரரும் தச்சரும் பண்ணையாளரும் இப்படையில் இருந்தனர். இன்று பலர் வேலைக்காக ஊரை விட்டுத் தொலைவு செல்வதால், பகல் நேரத்தில் ஒரு வண்டிக்குத் தேவையான ஆட்கள் சேர்வதில்லை. இருக்கும் நிலையமும் அப்போது பயன்படாது. வண்டிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் நிதி அறிக்கையில் இக்குறை தெரியாது. சாட்சியம் கேட்டால்தான் தெரியும்.

2022க்குப் பிந்தைய நிலை

2022 மே மாதம் ஸ்காட்லாந்து அரசு வெளியிட்ட பல்லாண்டுச் செலவுத் திட்டம், தீயணைப்பு உள்ளிட்ட நீதித்துறைச் சேவைகள் பலவற்றுக்கும் தொகையை உயர்த்தாமல் அப்படியே வைத்தது. விலைவாசி வேகமாக ஏறிய காலம் அது. அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் குற்றவியல் நீதிக் குழுவின் முன் வந்த சேவைத் தலைவர்கள், ஆட்குறைப்பு தவிர்க்க முடியாதது என்று வெளிப்படையாக எச்சரித்தனர். டிசம்பரில் வெளியான வரவு செலவுத் திட்டத்தில் தீயணைப்புக்கு முன்பு சொன்னதை விடக் கூடுதல் தொகை இருந்தது. குழுவின் விசாரணை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது; அது அழுத்தம் தந்தது என்று சொல்லலாம்.

ஆயினும் நெருக்கடி தீரவில்லை. 2023 செப்டம்பரில் பத்து நிலையங்களின் இரண்டாம் தீயணைப்பு வண்டிகள் தற்காலிகமாக விலக்கப்பட்டன. கிளாஸ்கோ, டண்டீ, பெர்த், டன்ஃபர்ம்லின் முதலிய ஊர்கள் இதில் அடங்கும். அதே ஆண்டு ஜூலை முதல், வணிகக் கட்டடங்களின் தானியங்கி எச்சரிக்கை மணி ஒலித்தால் தீ உறுதியான பின்னரே வண்டி செல்லும் என்ற விதியும் வந்தது. மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 2025இல் நிலையங்களையும் பணிமுறையையும் மாற்றியமைப்பது குறித்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது.

நிதி அறிக்கையை வாசிக்கும் முறை

எந்த நாட்டின் நிதி ஆய்வைப் படிக்கும் மாணவருக்கும் பின்வரும் கேள்விகள் உதவும்.

* தொகை உயர்ந்ததா, அதன் மதிப்பு உயர்ந்ததா? சென்ற ஆண்டு 100 பவுண்டும் இவ்வாண்டு 102 பவுண்டும் கொடுத்து, விலைவாசி 5 விழுக்காடு ஏறியிருந்தால், உண்மையில் ஒதுக்கீடு குறைந்திருக்கிறது.
* அன்றாடச் செலவா, முதலீடா? சம்பளத்துக்கான பணமும் கட்டடத்துக்கான பணமும் வெவ்வேறு தலைப்புகளில் வரும். ஒன்று கூடி மற்றொன்று குறையலாம்.
* எதனோடு ஒப்பிடுகிறார்கள்? சென்ற ஆண்டின் தொடக்க ஒதுக்கீட்டோடு ஒப்பிட்டால் ஒரு விடையும், ஆண்டின் நடுவில் திருத்திய ஒதுக்கீட்டோடு ஒப்பிட்டால் இன்னொரு விடையும் வரும்.
* மிச்சம் பிடித்த பணம் யாருடைய தலையில் விழுந்தது? மூடிய நீதிமன்றத்துக்குப் பதிலாகத் தொலைவில் உள்ள நீதிமன்றத்துக்குப் பேருந்தில் செல்லும் சாட்சியின் செலவு அரசின் கணக்கில் வராது.
* தள்ளிப்போட்டது எவ்வளவு? செலவிடாத பணத்தைச் சேமிப்பு என்று எழுதும் முன், செய்யாமல் விட்ட வேலைகளின் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

மதிப்பீடு

ஸ்காட்லாந்தின் அனுபவத்தில் இணைப்பு தோல்வியடைந்தது என்று கூற இடமில்லை. குறைந்து வந்த பணத்தில் எட்டுத் தலைமையகங்களை நடத்துவதை விட ஒன்றை நடத்துவது எளிது. எட்டில் எங்கோ ஓரிடத்தில் மட்டும் இருந்த வெள்ள மீட்புக் கருவியும் உயர மீட்புக் குழுவும் இன்று எல்லைப் பிரச்சினை இன்றி எங்கும் செல்ல முடிகிறது. அதே நேரத்தில், வரிச் சலுகை இழப்பு, கடன் பெறும் உரிமை இழப்பு ஆகிய இரண்டும் சட்டம் எழுதும் போதே தெரியக்கூடியவை. அவற்றுக்கு விடை காணாமல் சட்டம் நிறைவேறியது.

குழுவால் பணம் ஒதுக்க முடியாது. ஆணையைத் திருத்த முடியாது. ஆனால் தீயணைப்புத் தலைவரைக் கூப்பிட்டு, "இந்தத் தொகைக்குள் உங்களால் எத்தனை வண்டிகளை ஓட்ட முடியும்?" என்று கேட்கவும், பதிலை எல்லோரும் படிக்கும்படி பதியவும் முடியும். அந்தப் பதிவு இருப்பதால்தான், ஐந்தாண்டு கழித்து யார் எதை அறிந்திருந்தார்கள் என்பதை மக்களால் சரிபார்க்க முடிகிறது.